செம்புத் தீவும் மூழ்கிய கப்பலும்: வாசகர் கேள்விகள்

போன இதழில் சைப்ரஸ் தீவின் பழைய செம்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 1987ல் எங்கள் சரக்குக் கப்பலின் பாரந்தூக்கி பழுதாகி, லிமசோல் துறைமுகத்தில் இரண்டு நாள் சும்மா கிடந்தோம். அந்த இடைவெளியில் டாக்ஸி பிடித்து நிக்கோசியா அருங்காட்சியகம் போனேன். வழியில் மிட்ஸெரோ என்ற ஊர் அருகே கரிய சிட்டமேடு (பழைய உலைக் கழிவின் குவியல்) ஒன்றில் இறங்கி ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதோடு பக்கம் தீர்ந்துவிட்டது. கடிதங்கள் வந்ததைப் பார்த்த ஆசிரியர், ‘இந்த இதழ் பகுதி முழுவதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டார். கப்பலில் இன்ஜினியராகக் காலம் தள்ளியவன் நான். கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைக்காரரின் பேரன். உலையும் கடலும் ஒரே கேள்வியில் வந்தால் என்னை நிறுத்துவது சிரமம்.

ச.வி., விருதுநகர்: ‘காப்பர்’ என்ற சொல்லே சைப்ரஸிலிருந்து வந்தது என்கிறான் என் பேரன். அவனுக்குக் கைப்பேசியில் வருவதெல்லாம் வேதம். நம்பலாமா?

இந்த ஒரு விஷயத்தில் நம்பலாம். ரோமானியர்கள் செம்பை ‘ஏஸ் கிப்ரியம்’ என்றார்கள். சைப்ரஸ் உலோகம் என்று பொருள். நாளடைவில் ‘உலோகம்’ உதிர்ந்து ஊர்ப்பெயர் மட்டும் நின்று ‘குப்ரம்’ ஆயிற்று. பத்தமடை என்று சொன்னாலே பாய் என்று நாம் புரிந்துகொள்வதில்லையா, அதைப் போல. செம்புக்கு வேதியியலில் போடும் ‘சி.யு.’ என்ற குறியும் அந்தக் குப்ரத்தின் முதலிரண்டு எழுத்துகளே.

ம.செ., பழனி: நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. ‘மலையில் தோண்டி உருக்கினார்கள்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். சைப்ரஸ் தாது பெரும்பாலும் சல்பைடு, அதாவது கந்தகம் சேர்ந்தது. அதை உருக்குவது அத்தனை எளிதா?

டீச்சர், எங்கே நழுவினேனோ சரியாக அங்கே பிடித்துவிட்டீர்கள். எளிதே இல்லை.

சைப்ரஸின் ட்ரூடோஸ் மலை ஒரு காலத்தில் கடலடித் தரை. பூமித் தட்டுகள் முட்டிக்கொண்டதில் மேலே எழுந்தது. எரிமலைக் குழம்பு கடல் நீரில் பட்டுத் தலையணை தலையணையாக உறைந்த பாறைகளை மலையோரங்களில் இன்றும் பார்க்கலாம். தாது இருப்பது அவற்றுக்குள்தான். மேல்மட்டத்தில் மழையும் காற்றும் பட்டுப் பச்சையும் நீலமுமாக மாறிய தாதுவோடு யாரும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மரக்கரியோடு போட்டு ஊதினால் செம்பு இறங்கிவிடும். ஆனால் அது மேல் ஆடை; சீக்கிரம் தீர்ந்துபோகும். அடியில் இருப்பது செம்பும் இரும்பும் கந்தகமும் இறுகிப் பிணைந்த, பொன்போல் மின்னி ஏமாற்றுகிற கல்.

அந்தக் கல்லை முதலில் திறந்த வெளியில் விறகு அடுக்கி வறுக்க வேண்டும். கந்தகத்தில் ஒரு பகுதி புகையாகப் போகும். பிறகு மண் உலையில் மரக்கரியும் மணற்சத்துள்ள கல்லும் சேர்த்து 1,200 டிகிரி அளவுக்குச் சூடேற்ற வேண்டும். இரும்பு மணற்சத்தோடு கூடிச் சிட்டமாக மிதக்கும். அடியில் தங்குவதைச் செம்பு என்று எண்ணினால் ஏமாந்தோம். அது கந்தகம் இன்னும் விடாமல் ஒட்டியிருக்கும் கனத்த கட்டி. அதை உடைத்து மறுபடி வறுத்து, மறுபடி உருக்கினால்தான் செம்பின் முகம் தெரியும். பொலிட்டிகோ ஊர் அருகே ஃபோரடிஸ் என்ற ஓடைக்கரையில் கி.மு. 1600ஐ ஒட்டிய உருக்குகளம் ஒன்றைத் தோண்டினார்கள். சிட்டமும், உடைந்த உலைச் சுவர்களும், துருத்தியின் மண் மூக்குகளும் கிடைத்தன. அந்தக் களத்தில் நடந்தது முதற்கட்ட வேலை மட்டும்தான். கட்டியை எடுத்துக்கொண்டு வேறெங்கோ போய் மிச்சத்தை முடித்திருக்கிறார்கள்.

பள்ளி விடுமுறையில் தாத்தா பட்டறையில் துருத்தி போடுவது என் வேலை. கால்மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். கை தளர்ந்தால், ‘நீ தூங்கினால் உலையும் தூங்கிவிடும்’ என்று முதுகில் ஒரு தட்டு விழும். அங்கே உருக்கியது ஓட்டைச் செம்பும் நசுங்கிய அண்டாவும்தான். கந்தகம் இல்லை, சிட்டமும் இல்லை. அதற்கே அந்தப் பாடு என்றால், மலையடிவாரத்தில் நாள் முழுக்க ஊதியவனின் தோளைப் பற்றி நான் அடிக்கடி நினைத்ததுண்டு.

இன்னொன்று, மரம். தீவில் எல்லாக் காலத்துச் சிட்டத்தையும் சேர்த்தால் 40 லட்சம் டன் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. அதில் பெரும்பகுதி பிற்காலத்தது. ரோமானியர் காலம் வரை உலைகள் எரிந்திருக்கின்றன. அத்தனைக்கும் கரி வேண்டுமே. பழைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் சொன்னதாக, பிற்காலப் புவியியல் ஆசிரியர் ஸ்ட்ராபோ ஒரு செய்தி எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் சைப்ரஸ் சமவெளியில் காடு மண்டி உழவுக்கே இடமில்லாமல் இருந்ததாம். செம்பும் வெள்ளியும் உருக்க வெட்டினார்கள், கப்பல் கட்ட வெட்டினார்கள், அப்போதும் தீரவில்லை. கடைசியில், வெட்டித் திருத்துகிறவனுக்கே நிலம், வரியும் கிடையாது என்று விட்டுவிட்டார்களாம். நான் போனபோது அந்தச் சமவெளியில் டாக்ஸியை நிறுத்த நிழல் தேடினேன், கிடைக்கவில்லை.

கு.ந., ஈரோடு: வெண்கலத்துக்கு வேண்டிய இரண்டு உலோகங்களும் தீவிலேயே கிடைத்தன என்று எழுதியிருந்தீர்கள். சைப்ரஸில் வெள்ளீயம் ஏது?

கிடையாது. தவறு என்னுடையது, அச்சுப்பிழை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பத்துப் பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்தால்தான் நல்ல வெண்கலம். அந்த ஒரு பங்குக்காக அவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்பது அறிஞர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்கிற விவகாரம். துருக்கியின் டாரஸ் மலையிலிருந்து ஒரு பங்கும், நடு ஆசியாவில் இன்றைய தஜிகிஸ்தானின் முஷிஸ்தோனிலிருந்து ஒரு பங்கும் வந்தன என்று 2022ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் செம்பு விளைகிற தீவுக்கு வெண்கலம் வெளிச்சரக்கு கலந்த பண்டம்தான்.

த.பொ., மதுரை: முதன்முதலில் இந்தத் தொழிலைத் தீவுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

‘சொல்லிக்கொடுத்தது யார்’ என்ற கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். தொழில் என்பது பள்ளிக்கூடப் பாடம் அல்ல. இருந்தாலும் கேள்வியில் நியாயம் உண்டு.

கி.மு. நாலாம் ஆயிரத்தாண்டிலேயே தீவில் உளி, கொக்கி மாதிரிச் சில்லறைச் செம்புச் சாமான்கள் இருந்தன. கி.மு. 2400ஐ ஒட்டி திடீரென்று ஒரு மாற்றம். ஃபிலியா என்ற ஊரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். செம்புக் கத்திகளும் கோடரிகளும் பெருகின. அதுமட்டும் என்றால் வியாபாரி கொண்டுவந்தான் என்று விட்டுவிடலாம். கூடவே ஏர் உழவு வந்தது, கழுதை வந்தது. அதற்குப் பல ஆயிரம் ஆண்டு முன்பே தீவிலிருந்து அற்றுப்போன மாடு மறுபடி வந்தது. வட்ட வீடுகள் போய்ச் சதுரமான அறைகள் வந்தன. நூல் நூற்கும் தக்களியின் குண்டும், சமைக்கிற பானையும்கூட மாறின. இவை எல்லாம் எதிர்க்கரையிலுள்ள அனத்தோலியாவின் (இன்றைய துருக்கி) சாயலில் இருக்கின்றன. எனவே அங்கிருந்து குடும்பங்களே பெயர்ந்து வந்தன என்று தொல்லியலாளர்கள் டேவிட் ஃபிராங்கலும் ஜெனிஃபர் வெப்பும் வாதிடுகிறார்கள். அப்படிக் குடியேற்றம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், உள்ளூர்க்காரர்களே கொண்டும் கொடுத்தும் மாறியிருக்கலாம் என்பது இன்னொரு தொல்லியலாளர் பெர்னார்ட் நாப் கட்சி.

நான் முதல் கட்சி. காரணம் புத்தகத்தில் படித்ததல்ல. கப்பலில் உலகம் சுற்றி நான் வாங்கி வந்த சாமான்கள் எங்கள் வீட்டு அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது என் மனைவி குழம்பு வைக்கிற விதத்தை மாற்றியதா? கத்தியை வியாபாரி விற்றுவிட்டுப் போவான். அடுப்படிப் பானையும் தக்களியும் மாற வேண்டுமென்றால் அவற்றைப் பிடித்துப் பழகிய பெண்கள் வந்திறங்க வேண்டும்.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வந்தவர்கள் கொண்டுவந்தது ஒரு தொடக்கம். செம்பை மலையளவு எடுத்து நாடு நாடாக அனுப்புகிற தொழில் தீவில் நிலைபெறுவதற்கு அதன்பின் எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள் ஆயின. அதைத் தீவுக்காரர்கள் தங்கள் கையால்தான் வளர்த்தார்கள்.

ஜெ., நாகப்பட்டினம்: நாங்கள் கடலுக்குப் போகிற குடும்பம். துருக்கிக் கரையில் செம்பு ஏற்றிய கப்பல் ஒன்று கிடைத்ததாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். யார் கண்டுபிடித்தது? அதில் என்னென்ன இருந்தன?

கண்டுபிடித்தவர் உங்களைப் போலக் கடலை நம்பிப் பிழைத்தவர்தான், தம்பி. 1982ல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய மெஹ்மத் சாக்கிர், ‘காது வைத்த உலோக பிஸ்கட்டுகள்’ கிடப்பதைப் பார்த்ததாக வந்து சொன்னார். துருக்கியின் தென்கரையில் உலுபுருன் என்ற முனை அது. பஞ்சு எடுப்பவர்களிடம் இப்படி ஏதாவது கண்டால் சொல்லுங்கள் என்று ஆய்வாளர்கள் படம் வரைந்து காட்டி வைத்திருந்தார்கள். ஜார்ஜ் பாஸும் பிறகு ஜெமால் புலாக்கும் 1984 முதல் 1994 வரை பதினோரு பருவம் மூழ்கினார்கள். சரிவில் கிடந்த கப்பல். ஆழம் 44 மீட்டரில் தொடங்கி 60ஐத் தாண்டியது. ஒருவர் ஒரு முறை கீழே இருபது நிமிடம்தான் இருக்க முடியும். மொத்தம் 22,000 முறைக்கு மேல் மூழ்கியிருக்கிறார்கள்.

கப்பல் மூழ்கியது கி.மு. 1300ஐ ஒட்டி. நீளம் பதினைந்து மீட்டர்தான். உங்கள் ஊர் விசைப்படகுகளில் அதைவிட நீளமானவை உண்டு. அந்த வயிற்றுக்குள் பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம். பத்துக்கு ஒன்று! ஈரோட்டு வாசகர் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு வியப்பு சரக்கின் அளவில் இல்லை, அதை அடுக்கிய விதத்தில். செம்புப் பாளங்களை நாலு வரிசையாக, ஓடு வேய்வதுபோல் ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறும்படி அடுக்கியிருக்கிறார்கள். கப்பல் உருண்டாலும் வழுக்காது. அடியில் பலகையில் நேரடியாகப் படாமல் முள்செடியின் சுள்ளிகளைப் பரப்பியிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த கப்பல்களில் சரக்குக்கு அடியில் பலகைத் துண்டும் பாயும் போடுவோம். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தச் சுள்ளிகளின் படத்தைப் பார்த்தபோது, யாரோ எனக்குத் தெரிந்த சரக்கு மேஸ்திரி அடுக்கியதைப்போல் இருந்தது. பெரிய மண்தாழிக்குள் சைப்ரஸ் கிண்ணங்களையும் அகல்களையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்திருந்தார்கள். எந்தப் பாத்திரக் கடைக்காரரும் அப்படித்தான் கட்டுவார்.

மற்றவை: நீலக் கண்ணாடிக் கட்டிகள், ஆப்பிரிக்கக் கருமரம், யானைத் தந்தம், நீர்யானைப் பல், தீக்கோழி முட்டை ஓடு, ஏறத்தாழ ஒரு டன் பிசின் நிரம்பிய கானானிய (இன்றைய இஸ்ரேல், லெபனான் கரைப்பக்க) ஜாடிகள், மாதுளை, வாதுமை. எகிப்திய அரசி நெஃபர்தித்தியின் பெயர் பொறித்த பொன் வண்டு முத்திரை ஒன்று. இருபத்துநாலு கல் நங்கூரங்கள். வணிகரின் எடைக்கற்கள் 140க்கு மேல். சில மாடு, சிங்கம் வடிவத்தில். கடைசியாக ஒரு சுண்டெலியின் தாடை எலும்பு. அது சிரியாக் கரைப்பக்கத்து எலி என்று ஆராய்ந்து சொன்னார்கள். டிக்கெட் வாங்காமல் ஏறிய பயணி. இருபத்தெட்டு ஆண்டு கடலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எலி இல்லாத கப்பலை நான் பார்த்ததில்லை.

இது சைப்ரஸ் கப்பலா, கானானியக் கப்பலா என்று ஒற்றைப் பெயர் வைக்க முடியாது. கப்பல் கட்டிய முறை கிழக்குக் கரை, செம்பு சைப்ரஸ், போய்க்கொண்டிருந்தது கிரேக்கப் பக்கம். கிரேக்கர் இருவர் பயணிகளாக இருந்திருக்கிறார்கள் என்பது அவர்களுடைய சொந்த உடைமைகளிலிருந்து தெரிகிறது. 

ப.அ., திருச்சி: செம்பைச் சைப்ரஸ் செம்புதான் என்று எப்படி அடையாளம் கண்டார்கள்? அந்தப் பாளங்களுக்கு ஏன் மாட்டுத்தோல் வடிவம்? ஒரு மாட்டின் விலைக்கு ஒரு பாளம் என்று படித்திருக்கிறேன்.

நானும் படித்தேன். அழகான கதை, அவ்வளவுதான். ஆய்வாளர்கள் கைவிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. நாலு மூலையும் நீண்டிருப்பதால் உரித்துப் பரப்பிய தோல்போல் நம் கண்ணுக்குத் தெரிகிறது. 24 கிலோ எடை, நாலு காது. தோளில் ஏற்றவும், இருவர் பிடித்து இறக்கவும், கழுதை முதுகில் கட்டவும் அந்தக் காதுகள் வசதி. எகிப்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் ஒருவன் பாளத்தைத் தோளில் சுமந்து வருகிற ஓவியம் இருக்கிறது. சுமை கூலித் தொழிலாளியின் நடை அப்படியே.

உலுபுருன் பாளங்களை அறுத்துப் பார்த்தபோது உள்ளே ரொட்டிபோல் பொத்தல் பொத்தலாக இருந்தது. செம்பு சுத்தம்தான், ஆனால் கீழே போட்டால் உடையும். பட்டறைக்காரனுக்கு அது குறை அல்ல. வேண்டிய அளவு உடைத்து விற்கலாமே. பாளம் வார்க்கும் கல் அச்சு ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. அதுவும் தீவில் இல்லை, எதிரே சிரியாக் கரையில் ராஸ் இப்ன் ஹானியில்.

ஊர் கண்டுபிடிப்பது இப்படி: செம்பில் துளியளவு ஈயம் கலந்திருக்கும். அந்த ஈயத்தின் ஓரகத் தனிமங்களின் (ஐசோடோப்புகள்; ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். உருக்கினாலும் வார்த்தாலும் அது மாறாது. இப்படி அளந்துதான், கி.மு. 1400க்குப் பிந்தைய பாளங்கள் பெரும்பாலும் சைப்ரஸின் அப்லிகி சுரங்கத்து விகிதத்தோடு ஒத்துப்போகின்றன என்று நோயல் கேலும் ஸோஃபியா ஸ்டாஸ்-கேலும் சொன்னார்கள். அதே சைப்ரஸ் செம்பு மேற்கே சார்டினியா தீவில் பல இடங்களில் அகப்படுகிறது. சார்டினியாவில் சொந்தமாகச் செம்புச் சுரங்கம் உண்டு! கொல்லன் தெருவில் ஊசி விற்றவன் யாரென்று கேட்காதீர்கள். எனக்கு இது இன்னும் பிடிபடாத அதிசயம்.

மா.தே., தஞ்சாவூர்: சைப்ரஸ் அரசர் எகிப்து மன்னருக்கு எழுதிய கடிதம் பற்றிக் குறிப்பிட்டீர்கள். கடிதத்தில் என்ன இருந்தது?

எகிப்தில் அமர்னா என்ற இடத்தில் 1887ல் களிமண் பலகைக் கடிதங்கள் கிடைத்தன. அவற்றில் ‘அலாஷியா’ நாட்டு மன்னர் எழுதியவை சில. அலாஷியா சைப்ரஸ்தானா என்று நெடுநாள் சண்டை. 2003ல் அந்தப் பலகைகளின் களிமண்ணையே ஆராய்ந்து, ட்ரூடோஸ் மலையோரத்து மண் என்று காட்டினார்கள். கடிதத்தில் எழுதாததை மண் சொல்லிவிட்டது.

ஒரு கடிதத்தின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். ‘சகோதரரே, ஐந்நூறு அளவு செம்பு அனுப்புகிறேன். குறைவு என்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். என் நாட்டில் நெர்கால் தெய்வத்தின் கை விழுந்துவிட்டது, ஆட்களைக் கொன்றுவிட்டது, செம்பு எடுக்க ஆளில்லை.’ நெர்கால் கொள்ளைநோய்த் தெய்வம். இவ்வளவு துக்கத்தைச் சொன்ன கையோடு கேட்கிற பட்டியலைப் பாருங்கள். வெள்ளி வேண்டும், நிறைய வேண்டும். ஒரு மாடு வேண்டும். வாசனை எண்ணெய் இரண்டு ஜாடி. கூடவே, கழுகைப் பார்த்துக் குறி சொல்கிற ஆள் ஒருவர்! எகிப்தில் இறந்துபோன தன் நாட்டான் ஒருவனுடைய சாமான்களைத் திருப்பி அனுப்பும்படியும் எழுதுகிறார்.

எனக்குப் பிடித்தது அந்தச் ‘சகோதரரே’. சிரியாக் கரையின் சிற்றரசர்கள் அதே பாரோவுக்கு எழுதும்போது ஏழு முறை காலில் விழுகிறேன் என்று எழுதுவார்கள். இவர் விழவில்லை. கையில் செம்பு இருந்தது.

பெயர் வேண்டாம் என்கிறார், சேலம்: செம்புக் குடத்தில் இரவில் ஊற்றிவைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லதா?

மருத்துவப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன். குடத்தைப் புளி போட்டுத் தேய்க்க மறக்காதீர்கள் என்பது மட்டும் என் பங்கு.

ர.கி., கோவை: பழைய சைப்ரஸ்காரர்களுடைய எழுத்தைப் படித்துவிட்டார்களா?

இல்லை. கிரீட் தீவின் எழுத்தைப் பார்த்துத் தங்களுக்கென்று செய்துகொண்ட எழுத்து அது. கிடைத்தவை சுமார் 250தான், பெரும்பாலும் துணுக்குகள். வெளிநாட்டுக் கடிதத்துக்கு அக்காடிய மொழி, உள்ளூர்க் கணக்குக்குத் தங்கள் எழுத்து என்று வைத்திருந்திருக்கிறார்கள். நாம் அலுவலகத்தில் செய்வதுதான்.

க.மு., ஸ்ரீவைகுண்டம்: ஆதிச்சநல்லூரில் கிடைத்த பொன் பட்டங்கள் சைப்ரஸில் கிடைத்தவை மாதிரியே இருப்பதாகப் பழைய நூல்களில் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் தாமிரபரணிக் கரைக்கும் அந்தத் தீவுக்கும் அன்றே தொடர்பு இருந்ததுதானே?

உங்கள் ஊர்ப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் தலையாட்டப் போவதில்லை.

அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது நீள்வட்டமான பொன் தகட்டுப் பட்டங்கள் கிடைத்தன. இரு முனையிலும் நூல் கோக்கத் துளை. சைப்ரஸின் என்கோமிக் கல்லறைகளிலும் இறந்தவர்மேல் கட்டிய பொன் தகடுகள் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்து அக்கால ஆய்வாளர்கள் வியந்தார்கள். ஆனால் இறந்தவரின் முகத்தில் பொன்னை வைக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? தகடு தட்டி இரண்டு துளை போடுவது எந்தத் தட்டானுக்கும் சொல்லாமலே வரும்.

பட்டறைக்காரன் பேரனாக நான் பார்ப்பது வெண்கலத்தை. சைப்ரஸ் வெண்கலத்தில் வெள்ளீயம் பத்தில் ஒரு பங்கு. ஆதிச்சநல்லூரின் மெல்லிய கிண்ணங்களைச் சாரதா ஸ்ரீநிவாசன் ஆராய்ந்தபோது வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இருந்தது. அத்தனை வெள்ளீயம் சேர்ந்தால் ஆறிய நிலையில் அடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கும். செக்கச்செவேலென்று சூடாக இருக்கும்போதே அடித்து விரித்து, சட்டென்று தண்ணீரில் முக்க வேண்டும். அது வேறு கை, வேறு பழக்கம். கற்றுக்கொடுத்தவர் சைப்ரஸ்காரர் என்றால் இந்தக் கையை எங்கே கற்றார்? உங்கள் ஊர்க்காரர்களின் சொந்தத் திறமையை ஏன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள்?

சு.ல., சென்னை: நிக்கோசியா அருங்காட்சியகத்தில் ‘பாளத்தின் மேல் நிற்கும் கடவுள்’ என்று சொன்னீர்களே, அது செம்பின் கடவுளா?

ஒரு முழத்துக்கும் குறைந்த வெண்கலச் சிலை, 35 சென்டிமீட்டர். கொம்பு வைத்த தலைக்கவசம், ஒரு கையில் ஈட்டி, மறு கையில் கேடயம். காலடியில் பீடத்துக்குப் பதில் ஒரு குட்டிச் செம்புப் பாளம், அதே நாலு காதோடு. 1963ல் என்கோமியில் க்ளோட் ஷேஃபர் குழு எடுத்தது, காலம் கி.மு. 12ம் நூற்றாண்டு. என்கோமி தீவின் வடபகுதியில் இருக்கிறது. தீவு இரண்டாகப் பிரிந்திருந்ததால் 1987ல் எல்லைக் கோட்டைத் தாண்டி அங்கே போக முடியவில்லை. 2003ல்தான் கடவுகளைத் திறந்தார்கள். அதனால் சாமியைப் பார்த்தேன், கோயிலைப் பார்க்கவில்லை.

சிலையின் பெயர் நம் காலத்தவர் வைத்தது. கொம்பும் ஈட்டியும் சிரியாப் பக்கத்துப் போர்க்கடவுளின் உடை. காலடிப் பாளம் மட்டும் இந்தத் தீவின் சொந்தம். கடல்வழி வந்த தெய்வத்துக்குத் தங்கள் சரக்கைப் பீடமாகப் போட்டிருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில் இதே மாதிரி பாளத்தின்மேல் நிற்கும் பெண் சிலை ஒன்று இருக்கிறது; இவருடைய துணைவி என்று சிலர் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார்கள். தீவின் பழைய நகரான கித்தியோனில் கோயிலும் செம்புப் பட்டறையும் அடுத்தடுத்து, போக வர வழியோடு இருந்ததை வாசோஸ் கரகியோர்கிஸ் தோண்டி எடுத்தார். ஆனால் என் ஓட்டு இந்தச் சாமிக்கு இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நாலு பக்கமும் சித்திரம் வைத்த சைப்ரஸ் வெண்கலத் தாங்கி ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் ஒருவர் யாழ் வாசிக்கிறார். இன்னொரு பக்கம் ஒருவன் தோளில் பாளத்தைச் சுமந்து வருகிறான். சுமைக்காரனையும் வாத்தியக்காரரையும் ஒரே பொருளில் வைத்த கொல்லனுக்குத்தான் என் ஓட்டு.

இ.ஜோ., புதுக்கோட்டை: அந்தச் சிட்டத் துண்டை ஊருக்குக் கொண்டுவந்தீர்களா, இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

கொண்டுவரவில்லை. கையில் எடுத்தபோது கல்லைவிடக் கனம். ஒரு முகம் கயிறு திரித்ததுபோல் வரிவரியாக இருந்தது. உலையிலிருந்து ஓடி இறங்கி உறைந்த அடையாளம். சட்டைப் பையில் போட்டேன். தாத்தா இருந்திருந்தால் தட்டிப் பார்த்து ஏதாவது சொல்லியிருப்பார் என்ற ஆசைதான். டாக்ஸி ஓட்டுநர் கதவருகே நின்று கையை நீட்டி, திரும்பப் போடும்படி சைகை காட்டினார். பழம்பொருளை எடுக்கக்கூடாது என்கிறார் என்று நினைத்து வெட்கத்தோடு போட்டுவிட்டேன். வண்டியில் ஏறியபின்தான் விளக்கினார். அந்தப் பக்கத்து மேடுகளை வாரிப் பல ஆண்டுகளாகச் சாலை போட்டிருக்கிறார்களாம். நாங்கள் வந்த சாலையிலும் அதுதான் இருக்கிறதாம். அவருடைய கவலை வேறு: அதன் கூர்முனை அவருடைய இருக்கை உறையைக் கிழித்துவிடும்.